மாடு குறுக்கே வரவில்லை

கோட்டை நகராம் செஞ்சியிலே, மோட்டார் தொழிலாளர் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, எனக்கு முன்னால் ஐந்து பேச்சாளர்களைப் பொறுத்து, ஆறாவதாக என்னையும் பொறுக்கத் துணிந்து அமர்ந்திருக்கும் மளிகை வணிகர், மாண்பும் மலர்ந்த முகமும் ஒருங்கே கொண்ட அமீர் ஜான் பாய் அவர்களே! என்னைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் புகழ்மாலையாகத் தொடுத்த செயலாளர் அவர்களே! வல்லத்திலிருந்தும் தொண்டூரிலிருந்தும் வண்டியேறி வந்து, கால் புழுதி கலையாமல் காத்திருக்கும் பெரியோர்களே! வலப்புறத்தில், வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே, தங்கையரே! சைக்கிளில் சாய்ந்தபடி, எப்போது முடிப்பான் இவன் என்று பார்க்கும் இளைஞர்களே! ஓட்டுநர், நடத்துநர், கிளீனர் தோழர்களே! தொண்டூர் வண்டி ஓட்டும் துரைக்கண்ணு, தோளில் இருக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கி உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

பின்னாலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: "டிரைவருக்கு இன்னாயா இவ்ளோ தமிழு?" நியாயமான கேள்வி நண்பரே! வண்டிக்கும் வண்டிக்கும் இடையே இரண்டு மணி நேரம் இந்தப் படிப்பகத்தில்தான் கிடக்கிறேன். பத்திரிகை படித்தேன், பழுத்தேன். மைதானத்தில் எந்தக் கட்சிக்காரர் பேசினாலும் முன்வரிசையில் நின்று கேட்டேன், கெட்டேன். அதன் பலனை இன்று நீங்கள் அனுபவிக்கிறீர்கள்!

செயலாளர் சொன்னார்: "ஒன்பது மாதமாகப் பீடியைக் கையால் தொடாத பெருமகன் துரைக்கண்ணு இப்போது பேசுவார்." கைதட்டினீர்கள். நண்பர்களே, அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நான் பேச்சைத் தொடங்க வேண்டும். ஒன்பது மாதம் என்பது பொய். செயலாளர் பொய்யர் அல்லர், அவருக்குத் தெரியாது. இன்றைக்கு எனக்கு நாற்பத்தோராம் நாள். நாற்பத்தொரு நாளுக்கு முன்னால், இந்தக் கையால், இந்த வாயில், ஒரே நாளில் பன்னிரண்டு சிகரெட் பிடித்தேன்!

ஏன் அமைதியாகிவிட்டீர்கள்? தட்டிய கை தயங்குகிறதா? தயங்கட்டும். முழுக்கதையையும் கேளுங்கள்.

முற்றுகைகள் பல கண்ட மலைக்கோட்டையின் அடியில் பிறந்தவன் நான். பீரங்கி முழங்கிய ஊர், படைகள் வந்து படைகள் போன ஊர்! ஆனால் என்னை முற்றுகையிட்டது யார்? விரல் நீளம் இருக்கும் ஓர் இலைச்சுருள்! பதினைந்து வயதில் பற்ற வைத்தேன். இருபத்து மூன்று ஆண்டுகள் அணைக்கவில்லை. எழுந்தால் பீடி, வண்டியில் ஏறினால் பீடி, வல்லத்தில் நின்றால் பீடி, வல்லத்தை விட்டுக் கிளம்பினால் பீடி. சோறு தின்ற கை காய்வதற்குள் பீடி. மகிழ்ச்சி வந்தால் அதைக் கொண்டாட, துக்கம் வந்தால் அதைத் தாங்க, இரண்டும் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யோசிக்க! இரவில் நான் இருமினால் என் மனைவி ரஞ்சிதம் விழித்துக்கொள்வாள். இருமாவிட்டால் ஆள் இருக்கிறேனா என்று தொட்டுப் பார்ப்பாள்.

மேல்நாட்டு மருத்துவர்கள் சொன்னார்களாம், புகை நுரையீரலைத் தின்னும் என்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே படிப்பகத்தில், இதே பெஞ்சில் அந்தச் செய்தியைப் படித்தேன். எப்படிப் படித்தேன்? பீடி பிடித்துக்கொண்டே படித்தேன்! சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்களில் எத்தனை பேர் அப்படியே படித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு மார்கழி மாதம். தொண்டூரிலிருந்து காலை முதல் வண்டி. கண்ணாடியில் பனி படிந்திருந்தது. வல்லத்தில் ஒரு அம்மாள் ஏறினார். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வரும் எவருக்கும் அவரைத் தெரியும். வேகவைத்த வேர்க்கடலை, நாம் மல்லாட்டை என்கிறோமே, அதைக் கூடை நிறைய விற்கும் அம்மாக்கண்ணு அக்கா. அதோ, தாய்மார்கள் வரிசையில் இருக்கிறார். என் பேரைச் சொல்லாதே என்று சொல்லித்தான் அனுப்பினார். முறைக்காதீர்கள் அக்கா! உங்கள் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையில் எனக்கு ஒரு வரி கூடக் கிடையாது.

அக்கா வழக்கம்போல் என் பின்னால் முதல் இருக்கையில் அமர்ந்தார். நான் வழக்கம்போல் வாயில் பீடியோடு வண்டியை எடுத்தேன். வல்லம் தாண்டி இரண்டு மைல். பீடி முனையிலிருந்து ஒரு பொறி உதிர்ந்தது. காக்கிக் காற்சட்டையில் விழுந்தது, தொடையைச் சுட்டது. குனிந்தேன். ஒரு கை அல்ல நண்பர்களே, இரண்டு கைகளாலும் தட்டினேன்! நிமிர்ந்து பார்த்தால் சாலையைக் காணோம். புளியமரம் ஒரு சாண் இடைவெளியில் பக்கத்துக் கண்ணாடியைத் தாண்டிப் போகிறது. வண்டி பள்ளத்தில் இறங்கி, உழுது போட்டிருந்த கொல்லையில் ஓடி, வரப்பில் முட்டி நின்றது.

நாற்பத்தாறு பேர் வண்டிக்குள்ளே. கைக்குழந்தைகள் மூன்று. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் இறங்கவில்லை. மல்லாட்டை சிதறிக் கிடக்க, அதன் நடுவில் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னையே பார்த்தார்.

அப்போது என் நடத்துநர் நூருல்லா பின்பக்கமிருந்து ஓடி வந்தான். "இன்னா அண்ணே ஆச்சு?" என்றான்.

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் உண்மையும் என் வாசலுக்கு வந்தது, பொய்யும் வந்தது. நான் எதற்குக் கதவைத் திறந்தேன் தெரியுமா? "மாடு குறுக்க வந்துட்டுது நூருல்லா" என்றேன்.

அவன் பின்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். பார்க்கவில்லை. என்னை நம்பினான். நம்பி, அப்படியே கம்பெனிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மாட்டைக் காப்பாற்றிய மகாராசன் என்று எனக்கு நல்ல பெயரும் கிடைத்தது. ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் அக்கா வரவில்லை. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு ஒரு நாள் வல்லத்தில் ஏறினார். பின்னாலே போய் உட்காருவார் என்று நினைத்தேன். இல்லை! அதே முதல் இருக்கை. செஞ்சி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை.

"இன்னா டிரைவரே, அந்த மாடு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?" என்றார்.

"எடது பக்கம்க்கா" என்றேன்.

"நான் இங்கதான் குந்தியிருந்தேன். எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது. மாட்டையும் காணோம், கன்னுக்குட்டியையும் காணோம். உன் வாயிலேர்ந்து உன் மடியில வுழுந்த நெருப்பத்தான் பார்த்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னியாக்கா?" என்றேன். பாருங்கள் என் பண்பை! கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. யாரிடம் சொன்னாய் என்று கேட்டேன்.

"சொல்லல. சொன்னா உன் வேல பூடும். உன் பொண்டாட்டி புள்ளைங்க இன்னா பண்ணும்? ஆனா தம்பி, நான் தெனம் இந்த வண்டிலதான் வந்தாகணும். வேற வண்டி கெடையாது எனக்கு. ஏறும்போதே உன் வாயத்தான் பார்க்கத் தோணுது. அத வுட்டுடு. வேற ஒண்ணும் கேக்கல."

வழக்குப் போட்டிருக்கலாம் அவர். வாயார வைதிருக்கலாம். வேண்டாம் என்றார், விட்டுவிடு என்றார். தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன், இதற்கு மேலும் ஒரு மனிதனை வளைக்க வழி உண்டா? "வுட்டுடறேன்க்கா" என்று வாக்குக் கொடுத்து, அன்றைக்கே பையில் இருந்த பீடிக்கட்டைப் பஸ் ஸ்டாண்டுச் சாக்கடையில் வீசினேன்.

வீசிவிட்டேன்! வென்றுவிட்டேன்! அதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? ஐயோ, அங்கேதான் தொடங்கியது.

முதல் நாள் தலை கனத்தது. இரண்டாம் நாள் கை காலிப் பையையே துழாவியது. மூன்றாம் நாள் உலகத்தில் இருக்கும் அத்தனை பேரும் எனக்குப் பகைவர்கள் ஆனார்கள். தண்ணீர் சூடாக இருந்தால் கத்தினேன், ஆறிப்போனால் கத்தினேன். ரஞ்சிதம் தட்டைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிச் சொன்னாள்: "நீ பீடி குடிச்சப்போ வூடு நாறிச்சு. வுட்டப்பறம் வூடே எரியுதுய்யா!" நீங்கள் அவளுக்குக் கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், தகுதியுள்ளவள்தான்.

வீட்டில் எரிந்தால் வீட்டோடு போகும். வண்டியில்? நான்காம் நாள், ஒரு பெரியவர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக ஏறிக்கொண்டிருந்தபோது வண்டியை எடுத்துவிட்டேன். நூருல்லா மூன்று விசில் அடித்தும் காதில் விழவில்லை. நான்காவது விசிலில் நிறுத்தினேன். பெரியவர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார். பீடியோடு ஓட்டினேன், ஒரு கையை ஒடித்தேன். பீடி இல்லாமல் ஓட்டுகிறேன், இன்னும் எத்தனை பேரை ஒடிக்கப் போகிறேன்? பிடித்தாலும் குற்றம், விட்டாலும் குற்றம் என்றால் மனிதன் எங்கே போவான்?

வாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பஸ் ஸ்டாண்டில் அக்காவின் கூடைக்கு முன்னால் போய் நின்றேன். "என்னால முடியலக்கா. மன்னிச்சுக்கோ" என்றேன். அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில் என்ன இருந்தது தெரியுமா? கன்னத்தில் அதக்கிய புகையிலை!

எனக்கு வந்ததே கோபம்! "என்னை வுடச் சொல்லிட்டு உன் வாயில இன்னாக்கா அது?" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா திருப்பிக் கத்தவில்லை. புகையிலையைத் துப்பிவிட்டு, வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஆஸ்பத்திரில டாக்டரம்மா கன்னத்துக்குள்ள பார்த்துட்டு, வெள்ளையா படிஞ்சிருக்குது, வுடலேன்னா பொல்லாத புண்ணா பூடும்னு சொல்லிச்சு. எட்டு மாசமா நாளைக்கு வுடறேன், நாளைக்கு வுடறேன்னு கெடக்குறேன். உன்ன வுடச் சொல்ல எனக்கு இன்னா யோக்யதை இருக்குதுன்னுதான் நானும் ரோசன பண்ணிக்கினு இருந்தேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஓட்டுநர் ஒருபுறம், ஒடிந்த கை மறுபுறம். நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரே எதிரி! "சரி, ரெண்டு பேரும் வுடுவோம்" என்றார் அக்கா. "நீ வாய ஊது, நான் மோந்து பார்க்குறேன். நான் வாயக் காட்டறேன், நீ பாரு." அப்படியே ஆயிற்று. அன்றிலிருந்து தினமும் காலையில் வல்லத்தில் வண்டி நின்றதும் நாங்கள் இரண்டு பேரும் வாயைக் காட்டிக்கொண்டோம். பயணிகள் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்தார்கள்.

இப்போது, எப்படி விட்டாய் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். மருந்து மாத்திரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது சாலை.

அது நோன்பு மாதம். நூருல்லா பகலெல்லாம் தண்ணீர் கூடக் குடிக்காமல் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். "பசிக்கலியாடா உனக்கு?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "பசிக்கும் அண்ணே. வரும், கொஞ்ச நேரம் நிக்கும், பூடும். அதோட நின்னு சண்ட போட்டாத்தான் அது பெருசாவும். வேலையப் பார்த்துக்கினே இருந்தா அதுக்கே சலிச்சுப் பூடும்."

சலித்துப் போகுமா? பார்த்துவிடுவோம் என்று சாலையோர மைல் கற்களை வைத்து அளந்தேன். ஆசை எழும்பும்போது ஒரு கல்லைக் குறித்துக்கொள்வேன். தொண்டை வறளும், நெஞ்சு பரபரக்கும், விரல் தானாகப் பையைத் தேடும், இப்போதே, இந்த நொடியே என்று உள்ளே ஒருவன் கதவை உதைப்பான். அடுத்த கல் வரும். உதை குறையும். அதற்கடுத்த கல் வரும். ஆளைக் காணோம்! இரண்டு மைல், நண்பர்களே, இரண்டே மைல்! இருபத்து மூன்று ஆண்டு என்னை ஆண்ட அரசனின் ஆட்சி எல்லை இரண்டு மைல்தான் என்று அறிந்தபோது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். மறுபடி வருவான்; வருவான். ஒரு நாளைக்கு இருபது முறை வருவான். ஒவ்வொரு முறையும் இரண்டு மைல் கொடுத்தால் போதும்.

வண்டி நிற்கும் இடத்தில் மைல் ஏது? அங்கேதான் ஆபத்து. வல்லத்தில் ஐந்து நிமிடம் நிற்கும்போது நூருல்லா என்னைச் சும்மா நிற்க விடமாட்டான். "அண்ணே, டயரத் தட்டிப் பாரு. அண்ணே, கண்ணாடியத் தொடச்சு வையி" என்பான். அப்போது எங்கள் வண்டியின் கண்ணாடியைப் போல் சுத்தமான கண்ணாடி இந்தத் தாலுகாவில் கிடையாது. வாயில் கிராம்பு, கையில் துணி, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. இவைதான் என் படைக்கலங்கள்.

ஏழு மாதம் போயிற்று. இருமல் நின்றது. ரஞ்சிதம் இரவில் விழிப்பதில்லை. கோட்டைப் படியில் பாதி தூரம் நிற்காமல் ஏறினேன். எல்லோரும் புகழ்ந்தார்கள். அங்கேதான் அடுத்த பள்ளம்!

ஆவணி மாதத்தில் ஒரு திருமணம். மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வெற்றிலை, பாக்கு, பக்கத்தில் வரிசையாகச் சிகரெட். ஒருவர் நீட்டினார். வேண்டாம் என்றேன். "ஒண்ணு இழுத்தா மறுபடி மாட்டிக்குவேன்னு பயமா?" என்று சிரித்தார். பயமா? எனக்கா? ஏழு மாதம் வென்ற வீரனுக்கா? "ஒண்ணு பத்தவச்சுட்டு அதோட நிறுத்திக் காட்டறேன் பாரு!" என்று வாங்கினேன். துக்கத்தில் விழவில்லை நண்பர்களே, துயரத்தில் விழவில்லை. பெருமையில் விழுந்தேன். பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு.

மறுநாள் காலை. பையில் புதுப் பீடிக்கட்டு. வல்லத்தில் அக்கா ஏறினார். நான் வாயை ஊதவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஊதிக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. என் சட்டையே சொல்லியிருக்கும். கூடையை எடுத்துக்கொண்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு, கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அடித்திருக்கலாம் என்னை. ஏசியிருக்கலாம். அந்த முதல் இருக்கை வெறுமையாகவே செஞ்சி வரைக்கும் வந்தது. நின்றுகொண்டிருந்தவர் யாரும் ஏனோ அதில் உட்காரவில்லை. அந்தப் பயணத்தில் நான் மைல் கல் பார்க்கவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

செஞ்சியில் இறங்கியதும் அக்கா நேரே வெற்றிலைக் கடைக்குப் போனார். "ஒரு பொகையல குடு" என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஓடினேன். புகையிலை வாங்கிய கையைப் பிடித்தேன்.

"வுடு டிரைவரே! நீ குடிப்பே, நான் மட்டும் எதுக்கு வாயக் கட்டிக்கினு கெடக்கணும்?"

"அக்கா, உனக்குக் கன்னத்துல..."

"உனக்கு இன்னா வந்துச்சு என் கன்னத்தப் பத்தி? நான் உன்ன நம்பித்தானே வுட்டேன்! இத்தன நாளும் யார் கேட்டாலும் வாயத் தொறக்காத இருந்தேனே, மாடும் வரல, மண்ணும் வரல, பீடி நெருப்பாலதான் என் கை ஒடைஞ்சுதுன்னு எவன் கிட்டயாவது சொல்லியிருப்பேனா!"

சொல்லிவிட்டார். பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டு நடுவில், எங்கள் கம்பெனியின் டைம் கீப்பர் மூன்றடி தள்ளி நிற்கும்போது சொல்லிவிட்டார். சொன்ன மறுநொடி தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டதே! நூருல்லா என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, நீ சொன்னத நம்பி நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே அண்ணே" என்றான்.

அந்த இடத்தில் எனக்குப் பீடி பிடிக்க வேண்டும் போலிருந்தது. மறைக்கவில்லை, சொல்கிறேன். நெஞ்சு வெடிக்கும்போது கை பையைத்தான் தேடியது. பீடிக்கட்டை எடுத்தேன். அக்கா கையில் கொடுத்தேன். அவர் கையிலிருந்த புகையிலையை நான் வாங்கிக்கொண்டேன். நேரே பஸ் கம்பெனி முதலாளி வீட்டுக்கு நடந்தேன். "மாடு வரவில்லை ஐயா. நான்தான். நூருல்லாவுக்கு ஒன்றும் தெரியாது" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு குரல். அக்கா! என் பின்னாலேயே வந்திருக்கிறார். "ஐயா, ஒடைஞ்சது என் கையி. எனக்கே இல்லாத கோவம் உங்களுக்கு இன்னாத்துக்கு? அவன் வேலையத் தொடாதீங்க!" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "விபத்துக்காக இல்லை, பொய்க்காக. ஒரு மாதம் வண்டியைத் தொடாதே. அதற்குள் ஒரு பீடி பிடித்தாய் என்று காதில் விழுந்தால் அப்புறம் வரவே வேண்டாம்" என்றார்.

ஓட்டுநரிடமிருந்து வண்டியைப் பறித்துவிட்டால் அவன் என்ன செய்வான்? சாலை இல்லை, மைல் கல் இல்லை, தட்டிப் பார்க்க டயர் இல்லை. என் வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போவதைப் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தேன். நூருல்லா படியில் நின்றான், என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வந்த ஆசை இரண்டு மைலில் போகவில்லை நண்பர்களே. நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு, கூண்டுக்குள் விட்டதைப் போல் நடந்தேன்.

அக்கா கூப்பிட்டார். "இன்னாத்துக்கு செக்குமாடு மாதிரி சுத்திக்கினே இருக்கறே? இங்க வந்து குந்து. பொட்டலம் மடி."

மடித்தேன்! செஞ்சி பஸ் ஸ்டாண்டில், எல்லோரும் பார்க்க, தொண்டூர் வண்டி டிரைவர் துரைக்கண்ணு, மல்லாட்டைக் கூடைக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பழைய பத்திரிகையைக் கிழித்துப் பொட்டலம் மடித்தேன். கேலி செய்தார்கள். "டிரைவரே, ஆரன் அடிச்சாத்தான் மல்லாட்டை குடுப்பியா?" என்றார்கள். இங்கே இருக்கிறார்கள் அவர்கள், சிரிக்கிறார்கள்! கேலி காதுக்குப் போயிற்று. வேலை கைக்குப் போயிற்று. ஆசைக்கு இடமில்லாமல் போயிற்று. கூடை காலியாகும்வரை நான் எழவில்லை. அக்காவும் வாய் ஊறும்போதெல்லாம் இரண்டு மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொள்வார். எனக்கும் இரண்டு தருவார். விற்றதை விட நாங்கள் தின்றதுதான் அதிகமோ என்னவோ!

பதினோராம் நாள் நூருல்லா கூடைக்கு முன்னால் வந்து நின்றான். "ஒரு பொட்டலம் குடு அண்ணே" என்றான். கொடுத்தேன். உரித்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தான். "புது டிரைவர் கண்ணாடியே தொடைக்கறதில்ல" என்றான். அவ்வளவுதான் பேசினான். எனக்கு அது போதுமாயிருந்தது.

மாதம் முடிந்தது. வண்டி கையில் வந்தது. போன வாரம் அக்காவை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம், நானும் ரஞ்சிதமும். வெள்ளை இன்னும் இருக்கிறது, ஆனால் பரவவில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். மூன்று மாதம்! மனம் அமைதியாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. எனக்கு இப்போதும் இல்லை. மூன்றாம் வரிசையில் ஒரு தோழர் பீடி பற்ற வைத்திருக்கிறார். அந்தப் புகை மேடைக்கு வந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. அணைக்க வேண்டாம் தோழரே, அணைக்க வேண்டாம். நான் ஏன் கால் மாற்றி மாற்றி நிற்கிறேன் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தலைவர் அவர்களும் சற்று முன் மேடைக்குப் பின்னால் போய் வந்தார்கள். எதற்கென்று என் மூக்குக்குத் தெரியும். வணக்கத்தோடுதான் சொல்கிறேன் பாய்!

இந்தப் படிப்பகத்தில் நாளை ஒரு பலகை மாட்டப்போகிறீர்கள், புகை பிடிக்காதீர் என்று. மாட்டுங்கள். ஆனால் பலகைக்கு வாய் உண்டா, ஊது பார்க்கலாம் என்று கேட்க? பலகைக்குக் கால் உண்டா, கோபித்துக்கொண்டு கடைசி இருக்கைக்குப் போக? விட நினைப்பவனுக்கு ஒரு ஆள் வேண்டும் ஐயா, ஆள்! அவனைப் போலவே தவிக்கிற ஆள். அவன் விழுந்தால் தானும் விழுந்துவிடக்கூடிய ஆள். அந்தப் பயம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. விழுந்தவனெல்லாம் தோற்றவனா? இல்லை! ஏழு மாதத்தை இழந்தேன். மறுநாளே முதல் நாளாக எண்ணத் தொடங்கினேன். விழுந்ததை மறைத்து, மாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு, மறைவில் அடுத்ததைப் பற்ற வைக்கிறானே, அவன்தான் தோற்றவன்! எட்டு மாதம் அப்படித் தோற்றுக் கிடந்தவன் சொல்கிறேன், எண்ணிக்கை சிறிதாக இருந்தால் வெட்கமில்லை. பொய்யாக இருந்தால்தான் வெட்கம்.

யார் அது, எழுந்து நிற்பது? கொஞ்சம் அமைதி, அவர் பேசட்டும். என்ன சொல்கிறீர்கள்? "எனக்கு முப்பது வருசப் பழக்கம், என்னால ஆவாதுப்பா" என்கிறாரா? பெரியவரே, உங்கள் பெயர் என்ன? இளையபெருமாள். ஊர்? வல்லம். நல்லது. நாளைக் காலை வல்லத்துக்கு என் வண்டி வரும். பையில் இருப்பதை இன்றே போட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பையோடே ஏறுங்கள். முன்னால் அக்காவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் மைல் கல் வந்ததும் நான் குரல் கொடுக்கிறேன், "ஒண்ணு" என்று. நீங்கள் பற்ற வைக்காமல் இருந்தால் "ஆமா" என்று சொல்லுங்கள். இரண்டாம் கல் வந்ததும் மறுபடி குரல் கொடுக்கிறேன். உங்களுக்கு மட்டும் இல்லை, இங்கே இருக்கும் எவர் வந்தாலும் குரல் கொடுக்கிறேன். வண்டி நிறைந்தாலும் சரி, தொண்டை கட்டினாலும் சரி! டிக்கெட்டு மட்டும் நூருல்லாவிடம் வாங்கியே ஆக வேண்டும். அதில் அவன் கண்டிப்பானவன்.

என்ன சொல்கிறார்? "வர்றேன்" என்கிறார்! கேட்டீர்களா? இப்போது தட்டுங்கள் கையை, அவருக்காகத் தட்டுங்கள்!

காது கொடுத்த உங்களுக்கும், காத்திருந்த தலைவர் அவர்களுக்கும், கண்டித்தும் கைவிடாத என் அம்மாக்கண்ணு அக்காவுக்கும், பொய்யனை மன்னித்துப் பொட்டலம் வாங்கிய தம்பி நூருல்லாவுக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். இளையபெருமாள் ஐயா, காலை ஆறரைக்கு. வணக்கம்!